பூட்டிய சக்கர நாற்காலி

அந்த ஆஸ்பத்திரியில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. சக்கரம் என்று கேட்டால் வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை கை நீட்டிக் காட்டுவார்கள். நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளுவது அவர் வேலை. தள்ளுகிற நேரத்தைவிட நாற்காலியைத் தேடுகிற நேரம்தான் அதிகம்.

நாற்காலிக்குப் பஞ்சமா என்றால் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் ஒவ்வொரு வார்டுக்கும் இருந்தது. பிரசவ வார்டின் நாற்காலி போர்வை அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். எக்ஸ்ரே அறைக்காரர்கள் தங்களுடையதன்மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கி, அது நாற்காலியே இல்லை என்று சாதிப்பார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது, அவசரத்துக்குக் கிடைக்காதே என்ற பயம்தான். ஊரோடு ஒத்து வாழ வேண்டாமா? சக்கரமும் நல்லதாக ஒன்றைப் பார்த்து, மோட்டார் அறைக்குள் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தார். வாசலில் மட்டும் ஒன்றுகூட இருக்காது. முடியாதவர்கள் பிள்ளைகளின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார்கள்.

புதிதாக வந்த பெரிய சிஸ்டர் நொந்துபோனார். "அண்ணே, வாங்கின நாற்காலியெல்லாம் எங்கதான் போகுது?"

"சக்கரம் இருக்கே சிஸ்டர், உருண்டு போயிருக்கும்" என்று சிரித்து மழுப்பினார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! ஒருநாள் காலை, அவர் மாடியில் யாரையோ ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி மூச்சுத் திணறலோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். நாற்காலி தேடி ஓடிய காவலாளி திரும்பி வரவே காணோம். அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து அவசரப் பிரிவுக்கு நடந்தாள். பாதி வழியில் மோட்டார் அறைக் கதவில் சாய்ந்து நின்றாளாம். அவசரப் பிரிவு வாசலில் சுருண்டு விழுந்துவிட்டாள்.

சேதி கேட்டு ஓடிவந்தவர், அவள் கண் திறக்கும்வரை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அவள் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினாள்.

"சாவி பத்திரமா இருக்கா?"

அவர் நேரே போய்ச் சாவியைப் பெரிய சிஸ்டரின் மேஜைமேல் வைத்தார். "ஒண்ணை நான்தான் பூட்டி வச்சிருக்கேன் சிஸ்டர். மத்ததெல்லாம் எங்க இருக்குன்னும் தெரியும்." வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நின்றார்.

"பயந்துதான எல்லாரும் ஒளிச்சு வச்சிருக்காங்க? திட்டி என்ன ஆகப்போகுது, வாங்க போய் எடுப்போம்" என்று எழுந்தார் சிஸ்டர்.

வார்டுக்கு வார்டு முணுமுணுப்புதான். "எங்களுக்கு அவசரம்னா என்ன பண்றது?"

"ஒரு போன் பண்ணுங்க, நானே கொண்டு வரேன். வரலன்னா என் சட்டையைப் பிடிங்க" என்றார் சக்கரம். சொன்னபடி ஓடவும் ஓடினார். எக்ஸ்ரே அறைக்காரர்கள் மட்டும் கொஞ்ச நாள் அட்டைப்பெட்டியை விடவில்லை. அப்புறம் அவர்களும் வழிக்கு வந்தார்கள்.

மறுபடி காட்டிப் போக அவர் மனைவி வந்தபோது வாசலில் நாற்காலிகள் வரிசையாக நின்றன. நன்றாகத்தான் நடந்து வந்தாள். முதல் நாற்காலியில் போய் ஜம்மென்று உட்கார்ந்தாள்.

"நல்லாத்தானே நடக்கறே?"

"அன்னைக்கு நடந்தேனே, அதுக்கு இன்னைக்கு உக்கார்றேன். தள்ளுங்க."