கடைசிக் குழியும் புன்னக்காயல் பஸ்ஸும்

புன்னக்காயல் போகிற பஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிற்கிறது. என் கைபேசியில், ஐம்பது வயது தாண்டியவர்களுக்கான பெரிய கோல்ஃப் போட்டி ஓடுகிறது. ஊட்டியில் ஒரு காலத்தில் நான் மட்டைப் பை சுமந்த ஆட்டக்காரர் அதில் ஆடுகிறார். இந்தக் கடைசிக் குழியில் பந்தை இனி ஒரே தட்டுத் தட்டி விழவைத்தால்தான் அவருக்கு நாளை ஆட்டம் உண்டு.

பக்கத்து இருக்கை அண்ணாச்சி என் தோளில் சாய்ந்தபடியே பார்க்கிறார். விடுகிற மாதிரி இல்லை.

“என்னவே, எல்லாம் கெழடா நடக்காவ?”

“வயசானவங்க போட்டி, அண்ணாச்சி.”

“எனக்கும் அறுவது ஆச்சு. என்னையச் சேத்துக்கிடுவாவளா?”

பின்சீட்டில் சிரிப்பு. ஆட்டக்காரர் பந்தின் முன் குனிகிறார். நான் பழைய பழக்கத்தில் கையை உயர்த்தி, “சத்தம் போடாதீங்க!” என்று கத்திவிடுகிறேன். பஸ்ஸே அடங்குகிறது. நடத்துநர்கூட விசிலை வாயிலிருந்து எடுக்கிறார். எனக்கு முகமெல்லாம் எரிகிறது.

பந்து குழியைத் தாண்டி ஓடுகிறது.

“பைய தட்டியிருக்கணும்லா வே,” என்கிறார் அண்ணாச்சி.

எரிச்சலாக வருகிறது. ஊட்டியில் அத்தனை நாள் பக்கத்திலேயே நின்றும், கூச்சத்தில் நான் அந்த ஆட்டக்காரரிடம் சொல்லாமல் விட்டது அதைத்தான்.