பாவாவின் கால்மாட்டில்

நான் ஒரு கல்லறையைக் காட்டிக்கொடுத்தவள்.

அதோடு நின்றேனா? வாய் திறக்க வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். பிறகு ஒரு தாயிடம் பொய் சொன்னேன். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்... நேற்றுக்கூடச் சொன்னேன்!

நீங்கள் என்னை மேடைகளில் பார்த்திருக்கக்கூடும். சூஃபி இலக்கியம் என் துறை. பழைய அரபு, பாரசீக நூல்களையும் நம் தமிழ் ஞானியரின் பாடல்களையும் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறேன். மறைந்து வாழும் இறைநேசர்களைப் பற்றிப் பேச வேண்டுமானால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இறைவன் தன் நேசர்களை ஊரார் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறான், அவர்களை வெளிச்சத்துக்கு இழுப்பது அடாத செயல் என்று நான் சொல்லும்போது சபையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்களே... அந்தப் பழமொழி எனக்கென்றே பிறந்ததோ என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அப்பால், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஒரு முறை எழுதியது போதும்.

என் அத்தா கோல சிலாங்கூரில் துணி வியாபாரி. சேலையும் கைலியும் வேனில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். பள்ளி விடுமுறையில் நானும் தொற்றிக்கொள்வேன். அந்தத் தோட்டத்துக்குப் போகும் நாளில் மட்டும் ஒரு பச்சைத் துணியையும் தனியே எடுத்து வைப்பார். அங்கே ஓடையோரத்தில் ஒரு பாவாவின், முஸ்லிம் ஞானி ஒருவரின், கல்லறை இருந்தது. அவர் யார், எந்தக் காலத்தவர் என்று எவருக்கும் தெரியாது. பாவா, அவ்வளவுதான்.

அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றியவர் அந்தோணியம்மா அக்கா. தோட்டத்தில் உரம் போடும் வேலை அவருக்கு. ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போவார். வியாழன் மாலை தவறாமல் பாவாவிடம் வருவார். அத்தாவுக்கு அதில் வியப்பேதும் இருந்ததில்லை. எனக்கும் இல்லை.

வியப்பு, படித்த பிறகுதான் வந்தது!

டாக்டர் பட்டம் வாங்கிக் கட்டுரைக்குப் பொருள் தேடி அலைந்த நாளில் மறுபடியும் அங்கே போனேன். கைப்பேசியில் பதிவு செய்துகொண்டே அக்காவிடம் கேட்டேன். நீங்கள் வேதக்காரர் ஆயிற்றே, பாவாவிடம் ஏன் வருகிறீர்கள்?

அவர் என் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தார்.

"அந்த போன அமுத்திடு பாப்பா" என்றார். அமுத்தினேன்.

"எம் மொதப் புள்ள இங்கதான் இருக்கு. பொம்பளப் புள்ள. வயித்துலயே போயிடுச்சி. ஞானஸ்நானம் வாங்காத புள்ளைக்குக் கல்லறத் தோட்டத்துல எடமில்லன்னு எங்க பெரியவங்க சொல்லிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு துண்டுல சுத்திக் கொண்டாந்து பாவா கால்மாட்டுல வெச்சாரு. பாவா பாத்துக்குவாருன்னு..."

அவர் பிள்ளை மட்டுமல்ல. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் பலர், மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும்கூட, பிறந்து அழாத பிள்ளைகளை அங்கேதான் கிடத்தியிருந்தார்கள். பிள்ளைக்கு ஒரு கல். பெயர் கிடையாது. சிறுமியாக இருந்தபோது அந்தக் கற்களைத் தாண்டித் தாண்டி விளையாடியிருக்கிறேன்... அவை என்னவென்று அன்றுதான் அறிந்தேன்.

"பாவாவப் பத்தி என்னா வேணா எழுது. எடத்த மட்டும் எழுதிடாத பாப்பா. தெரிஞ்சா ஆளுங்க வருவாங்க லா. வந்தா எல்லாத்தையும் கலைச்சிடுவாங்க."

"இன்ஷா அல்லா, எழுத மாட்டேன்க்கா" என்றேன்.

இறைவன் நாடினால்! அந்தச் சொல்லை எதற்காகச் சேர்த்தேன்? வாக்கை உறுதியாக்கவா, தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொள்ளவா? அந்தச் சொல்லுக்குப் பின்னால் போய் ஒளியாதீர்கள் என்று மாணவர்களைக் கண்டிப்பவள் நான். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்... கதவு திறந்துதான் இருந்தது.

கட்டுரை திரும்பி வந்தது. இடம் சொல்லப்படாத கல்லறையை ஆய்வில் ஏற்க முடியாது என்று மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். என் பதவி உயர்வு அந்தக் கட்டுரைக்காகக் காத்திருந்தது.

எழுதினேன். தோட்டத்தின் பெயர், ஓடையின் வளைவு, புகைப்படம், எல்லாவற்றையும் கொடுத்தேன். பிள்ளைகளைப் பற்றி மட்டும் ஒரு சொல் எழுதவில்லை. அதை என் பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டேன்! ஆளரவமற்ற இடத்தில், பக்கத்தில் ஒரு கல்லறையும் இல்லாமல், தனித்துத் துயிலும் ஞானி என்று எழுதினேன். என் வாதமே அந்தத் தனிமையின்மேல்தான் நின்றது. மிகவும் பாராட்டினார்கள்.

பேராசிரியர் ஆனேன்.

யாரோ அந்தக் கட்டுரையைச் சுருக்கிப் படத்தோடு பரப்பிவிட்டார்கள். ரவாங்கிலிருந்தும் உலு யாமிலிருந்தும் கார்கள் வரத் தொடங்கின. நேர்ந்துகொள்ள வந்தவர்கள் சிலர். நாலு நம்பர் லாட்டரிப் பரிசுக்கு எண் கேட்டு வந்தவர்களே அதிகம்! பாவாவின் தலைமாட்டில் மாவைத் தூவி, அதில் எண் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார்கள். பிறகு குப்பை, சண்டை, புகார்... நிலமும் வீடுகள் கட்டுவதற்குக் கைமாறியது. கல்லறையை முறைப்படி எடுத்து, கோல சிலாங்கூர்ப் பக்கம் முஸ்லிம்களை அடக்கும் ஒரு மையவாடியில் அடக்கம் செய்வதென்று முடிவாயிற்று.

என்னையும் அழைத்தார்கள். விவரம் அறிந்தவள் நான்தானே!

ஓதி முடித்து, பாவாவின் எலும்புகளை வெள்ளைத் துணியில் எடுத்து வைத்தார்கள். மண்வாரி இயந்திரம் ஓரமாகக் காத்து நின்றது. கால்மாட்டுக் கற்களைக் கூட்டத்தின் கால்கள் எப்போதோ சிதறடித்திருந்தன. மேற்பார்வையாளர் என்னிடம் வந்து, மிகுந்த மரியாதையோடு மலாயில் கேட்டார். இங்கே வேறு கல்லறைகள் உண்டா, பேராசிரியர்?

உண்டு என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் வேலையை நிறுத்தியிருப்பார். பிள்ளைகளையும் கையாலேயே எடுத்திருப்பார்கள். ஆனால் என் கட்டுரை பொய்யாகியிருக்கும். தனித்துத் துயிலும் ஞானி...!

"இல்லை" என்றேன்.

அக்காவின் இரகசியத்தைக் காக்கிறேன் என்று அந்த நொடியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவளின் சாமர்த்தியத்தைப் பார்த்தீர்களா! இயந்திரம் உறுமியது. நான் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

அப்போது அக்கா வேலையை விட்டு ரவாங்கில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். செய்தி கேட்டதும் என்னைக் கைப்பேசியில் கூப்பிட்டார்.

"எவனோ எழுதித் தொலைச்சிட்டானாம் பாப்பா. நீ அங்க இருந்தியாமே... எம் புள்ளையையும் பாவா கூடவே எடுத்துக்கிட்டாங்களா?"

"எடுத்தாங்கக்கா. அவரு கால்மாட்டுலயே வெச்சிட்டாங்க."

அவர் அழுதார். எனக்கு நன்றி சொல்லி அழுதார்!

அன்றிலிருந்து மாதத்தில் ஒரு வியாழன் அவரை ரவாங்கிலிருந்து மையவாடிக்கு அழைத்துப் போகிறேன். அவர் உள்ளே வருவதில்லை. "யாராச்சும் ஏதாச்சும் சொல்வாங்க, நீயே போயிட்டு வா" என்று பூவை என் கையில் கொடுத்துவிட்டு வேலிக்கு வெளியே நின்றுகொள்வார். நான் பாவாவின் கால்மாட்டில், வெறும் மண்ணில், அதைத் தூவிவிட்டு வருவேன்.

நேற்று பூவைக் கொடுத்தவர் என் கையை விடவில்லை.

"பேரே வெக்காம உட்டுட்டேன் பாப்பா. இத்தன வருசம் தோணல. ரோசலின்னு வெக்கலாம்னு இருக்கேன். நீ போயி அதுகிட்ட சொல்லிட்டு வா."

போனேன். குனிந்தேன். அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எத்தனை மொழி கற்ற வாய்! பாவாவிடமாவது மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தேன். எந்த முகத்தோடு கேட்பது? அவர் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடமிருந்து அவரைப் பிரித்தவளும் நான்தானே... பூவைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

"சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

"நீ நல்லா இருப்ப" என்று என் கன்னத்தைத் தடவினார்.

இன்னும் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அவர் மனம் தாங்காது என்று சில நாள் எனக்குள் சொல்லிக்கொள்வேன். அதுவும் பொய்தான். சொல்லிவிட்டால் அந்தக் கை என் கன்னத்துக்கு மறுபடி வராது... எனக்கு அந்தப் பயம்தான்.

திரும்பும் வழியில் அந்தத் தோட்டத்துச் சந்தி வந்தது. செம்பனைகள் நின்ற இடத்தில் இப்போது வீட்டுக் கூரைகள். முன்பெல்லாம் பேருந்தில் அதைத் தாண்டும்போது அக்கா அந்தப் பக்கம் திரும்பிச் சிலுவை போட்டுக்கொள்வாராம், அவரே சொல்லியிருக்கிறார். நேற்று அவர் திரும்பவில்லை. "ஒங்கக்காவுக்குப் பேரு வெச்சாச்சு" என்று மகளிடம் கைப்பேசியில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்.

நான் அந்தப் பக்கம் பார்த்தேன்.