அச்சிமுகம்மது கேட்ட இரண்டு தவக்கை

இது உண்மைக் கதை, வல்லாஹி. ஆனால் சொல்கிற வாய் கொஞ்சம் இழுபடுகிற வாய். பெரிதாகத் தெரிவதையெல்லாம் நீங்களே பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சவளக்கடை ஊரில் முப்பது வருடமாக வயல் காவல் பார்க்கிறவர் அச்சிமுகம்மது. யானை வந்தால் கல்முனைக்கே கேட்கக் கத்துவார். வராவிட்டாலும் கத்துவார். அதனால் இப்போது அவர் கத்தினால் பெண்சாதி முனவ்வறாகூடத் திரும்பிப் படுத்துவிடுவாள்.

இந்த மாரியில் அவர் புதிதாக ஒன்றைச் சொன்னார். வாய்க்காலில் கிடக்கிற சொறித்தவக்கை, அதுதான் சொறித்தவளை, ஒரு சாதி இல்லை, இரண்டு சாதி. பார்த்தால் ஒன்று, கத்தினால் வேறு. தேத்தண்ணிக் கடையில் சிரிப்பு அடங்க ஒரு போகம் ஆனது. வயல்கார றிபாஸ், இதைக் காட்டினால் இனி யானை என்று கத்தும்போது செருப்பும் போடாமல் ஓடி வருவதாகச் சொன்னான். அச்சிமுகம்மதுக்கு அதுதான் வேண்டும். ஒரு நாளைக்கு மெய்யாகவே யானை வரும். அன்றைக்கு யாரும் வராவிட்டால் அவர் கதி என்ன?

மறுநாள் வாளியில் இரண்டு கடுவன் தவக்கையைக் கொண்டுவந்து, கடை மேசையில் வைத்து ஒவ்வொன்றாக அமுக்கினார். இரண்டும் ஒரே மாதிரி "கிக், கிக்" என்றன. றிபாஸ் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் இரண்டு கழன்றது.

பல்கலைக்கழகக் கம்பஸில் தவக்கை பற்றிப் படிக்கிற அப்னா அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, புடிச்சி அமுக்கினா எல்லாம் விடு விடு எண்டுதான் கத்தும். பொட்டையக் கூப்புடுற சத்தம் வேற. அது தண்ணிக்குள்ள இரிக்கக்குள்ளதான் கேக்கும்."

"அதானே மகள்" என்று அச்சிமுகம்மது உடனே கட்சி மாறினார். "கழுத்தப் புடிச்சா மாப்புள கலியாண பைத்துப் பாட்டுப் படிப்பானா?"

பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு மழை விட்டதும் எல்லாரும் வாய்க்கால் கட்டுக்குப் போனார்கள். அப்னா ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினாள். கூட வந்த பக்கத்து வயல்காரர் கதிர்காமனின் வயல் பக்கம் ஒன்று தண்ணிப் பம்பு போல மூச்சு விடாமல் இழுத்தது. றிபாஸின் பக்கம் மற்றது, பெற்றோல் தீர்ந்த மோட்டார் சைக்கிளை உதைக்கிற மாதிரி விட்டு விட்டுக் கத்தியது. லப்டொப்பில் ஒன்று நீட்டுக் கோடாகவும் மற்றது துண்டு துண்டாகவும் விழுந்தது. தண்ணீர் சூடானால் ஒரே தவக்கையும் வேகமாகக் கத்தும் என்று சொல்லி, அப்னா இரண்டு பக்கமும் சூடு பார்த்தாள். ஒரே சூடு. இரண்டு சாதி போலத்தான் இருக்கிறது, இன்னும் பல இடத்தில் கேட்க வேண்டும் என்றாள்.

றிபாஸ் தலையைச் சொறிந்தான். "சரி அச்சிமுகம்மது காக்கா, ரெண்டுதான். இனி நீங்க கத்தினா வாறம்."

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். இதில் புதுச்சாதி எது என்று கதிர்காமன் கேட்டார். இன்னும் தெரியாது என்றாள் அப்னா.

"புதுசு, எண்ட வயல்ல கிடக்கிறதுதான்" என்றார் கதிர்காமன்.

"ஒங்கட பம்புக்காரன் ஆதம் நபி காலத்து ஆள்" என்றான் றிபாஸ். "எண்டதுதான் புதுசு."

"கேட்டுப் புடிச்சவன் நான்" என்று அச்சிமுகம்மது நடுவில் பாய்ந்தார். "ரெண்டும் எண்ட சொத்து."

மூன்று பேரும் போட்ட சத்தத்தில் தவக்கைகள் வாயை மூடிக்கொண்டன. அப்னா கருவியை நிறுத்தினாள். சண்டை நிற்கவில்லை.