பன்னிரண்டாம் காம்பராவின் கரப்பான் பூச்சிகள்

1. பால் போத்தல்

தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் தொழிலாளர் நலன் பார்க்கும் வெல்பெயார் ஒபிசராகச் சேர்ந்த புதிது. கம்பெனிகள் தோட்டங்களை எடுத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தையின் பால் போத்தலுக்குள் கரப்பான் பூச்சி செத்து மிதந்தது. தாய்மார் ரப்பர் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. அன்றைக்கென்று கொழும்பிலிருந்து கம்பெனி ஆட்கள் வந்திருந்தார்கள். போத்தல் அவர்கள் கண்ணில்தான் முதலில் பட்டது.

தோட்டத்து மேனேஜரான துரை என்னை ஒபிசுக்குக் கூப்பிட்டார். சிங்களவர், தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"என்னா வெல்பெயார், பாலுக்கு சீனி பத்தலன்னு பூச்சி போட்டதா?"

"லயத்திலிருந்து வருது சேர். பிள்ளைங்க துணிப்பையோட வந்துருது."

"அப்ப லயம் பூரா மருந்து அடி. ஆயாவையும் மாத்து. அதுக்குக் கண்ணு தெரியுறது இல்ல. வீட்ட சுத்தமா வச்சிருக்கிற பொம்பளையாப் பார்த்துப் போடு. நீயே போய்ப் பாரு."

இரண்டு வேலைகளையும் ஒரே வாயில் சொன்னார். நான் இரண்டையும் தனித்தனியாகச் செய்தேன். பிழை அங்கேதான் ஆரம்பித்தது.

2. பதினோரு கதவு

பள்ளத்தில் தொழிலாளர் குடியிருந்த பணிய லயத்தில் பன்னிரண்டு காம்பராக்கள், ஒரே வரிசையில், ஒரே தகரக் கூரையின் கீழ். காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர்கள் தகரம் வரை போவதில்லை. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் லயம் முழுக்க மணக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மணம் போகிற வழியில் பூச்சியும் போகும் என்று அப்போது யோசிக்கவில்லை.

முதல் கதவில் தொழிற்சங்கத் தலைவர் இருந்தார். "எங்க வீட்ல இருந்து ஆரம்பிங்க ஐயா, அப்பதான் மத்தவங்களும் கதவத் தொறப்பாங்க" என்றார். அங்கேயே ஆரம்பித்தோம். புல்லுக்கு மருந்தடிக்கிற முதுகுத் தொட்டியைக் கழுவி, பூச்சி மருந்தை அளவாகக் கலந்து, ஒவ்வொரு வீடாக அடித்துக்கொண்டு போனோம். பதினோராம் கதவில் மருந்து முடிந்துவிட்டது.

பன்னிரண்டாம் காம்பராவில் பரமேஸ்வரி இருந்தாள். பால் வெட்டுகிறவள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. சட்டி பானை, பாய், அரிசி வாளி எல்லாவற்றையும் காலையிலேயே வாசலில் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"ஐயா, வீட்டயே வெளியில கொண்டாந்து வச்சிட்டேன். இப்ப மருந்து இல்லைங்கிறீங்களே?"

"நாளைக்கு வந்து அடிக்கிறோம். உள்ள எடுத்து வை."

"மழை இருட்டிக்கிட்டு வருதே ஐயா, கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கப்படாதா?" என்று சிரித்தபடியே பாயைச் சுருட்டினாள்.

மறுநாள் எனக்கு இரத்தினபுரியில் கூட்டம். அதற்கு மறுநாள் வேறு வேலை. மருந்து வந்து சேர்ந்தபோது அதை மேல் லயத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பன்னிரண்டாம் கதவு அப்படியே விடுபட்டது.

3. நான் தேயிலை குடிக்காத வீடு

ஆயா வேலைக்குக் கேட்டவர்களில் பரமேஸ்வரிதான் பொருத்தமானவள். ஓ.எல். பரீட்சை வரை படித்தவள். பழைய ஆயா லீவில் போகிற நாட்களில் பிள்ளைகளைப் பார்த்தும் இருக்கிறாள். அழுகிற பிள்ளை அவள் இடுப்பில் ஏறினால் அடங்கிவிடும். அவளுக்கு அந்த வேலை தேவையாகவும் இருந்தது. முந்தின மழைக்காலத்தில் மலையில் வழுக்கி விழுந்து வலக்கை மணிக்கட்டு முறிந்திருந்தது. கூடிவிட்டாலும், வெட்டுக்கத்தி பிடித்து மத்தியானமானால் கை வீங்கும். ஆயா வேலை கிடைத்தால் கத்தியைக் கீழே வைத்துவிடலாம் என்று லயத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மற்ற வீடுகளைப் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். தரை மெழுகியிருந்தது. சுவரில் புதிதாகப் பேப்பர் ஒட்டியிருந்தாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, தேயிலைச் சாயம் ஊற்றிக் கொடுத்தாள். நான் கோப்பையை எடுக்கும்போது சுவரில் பேப்பர் அசைந்தது. உள்ளே ஏதோ சரசரத்தது. விளிம்பில் ஒரு மீசை தெரிந்தது, பிறகு நாலைந்து. அடுப்புக்கு மேலே விறகு காய்கிற பரணிலிருந்தும் இறங்கின. அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஒன்றை அடிக்க மூன்று வந்தன.

"ஐயா, இது வந்து... நீங்க அன்னைக்கு அந்தப் பக்கமா..."

நான் கையை உயர்த்தினேன். "சாக்குச் சொல்லாத பரமேஸ்வரி. இந்த வீட்டை வச்சுக்கிட்டு உன்னை எப்படிப் பிள்ளைக்காம்பராவுக்கு விடுறது?"

கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அவள் வீட்டுக்கு மருந்து அடிக்கவில்லை என்பது எனக்கு நினைவில் இருந்தது. அதனால் அங்கே பழைய பூச்சி அப்படியே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இவ்வளவும் அவளுடைய அழுக்கு என்று முடிவு செய்தேன்.

வேலை நாலாம் காம்பராப் பெண்ணுக்குப் போனது. அவளும் நல்லவள்தான், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெல்பெயார் ஐயா தேயிலை குடிக்காத வீடு என்று பன்னிரண்டாம் காம்பராவுக்குப் பெயர் வந்தது. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது, "கரப்பான் வீட்டம்மா, வாளிய நல்லா உதறிட்டு வைங்க" என்று கேலி செய்தார்கள்.

4. என் மச்சான் சிரித்த சிரிப்பு

அடுத்த வருடம் என் வீட்டுக்கும் பூச்சி வந்தது. என் குவாட்டர்சும் பெக்டரி ஐயாவின் குவாட்டர்சும் ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். ஒரு சனிக்கிழமை அவர் தன் வீட்டுக்கு மருந்து அடித்தார். மறுநாள் என் மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு விருந்துக்கு வந்திருந்தார். இடியப்பத் தட்டுக்கு நடுவே சீலிங்கிலிருந்து ஒன்று விழுந்தது. பிறகு சொதிக்குள் ஒன்று.

மச்சான் தட்டை நகர்த்தினார். "என்ன மச்சான், லயத்துல வெல்பெயார் பார்த்து மிஞ்சினதையெல்லாம் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

என் மனைவி முகம் சிவந்துபோனாள். "இது எங்க வீட்டுப் பூச்சி இல்ல அண்ணே. நேத்து பக்கத்து வீட்ல மருந்தடிச்சாங்க. அங்க இருக்க முடியாம எல்லாம் இங்க வந்துருச்சு."

"அதானே பார்த்தேன், நீ எவ்வளவு சுத்தக்காரி" என்று மச்சான் சொதியை மட்டும் ஒதுக்கிவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

என் மனைவி சொன்னது ஒரு சின்ன விளக்கம். அவள் சொல்லி முடிக்கும்வரை எல்லோரும் கேட்டார்கள், நம்பினார்கள். அதே விளக்கத்தின் முதல் பாதியை நான் ஏற்கெனவே ஒரு வீட்டில் கேட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை துரையிடம் போனேன். ஆயா விஷயத்தில் பிழை விட்டுவிட்டேன் என்றேன். முழுவதையும் சொன்னேனா என்றால், இல்லை. பதினோரு கதவோடு நிறுத்தியதைச் சொல்லவில்லை. துரை பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது முடிஞ்ச கதை. மத்தது, பரமேஸ்வரி நல்ல வெட்டு. மரத்துல காயம் படாம வெட்டுற ஆள் எத்தன பேர் இருக்கு? அவள விட ஏலாது."

நான் "சரி சேர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

5. போரிக் உருண்டை

அதற்குப் பிறகு லயத்தில் நான் மருந்து தெளிக்கவே இல்லை. வெல்பெயார் வேலைக்குப் புதிதாக வரும் இளம்பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். தெளித்தால் பூச்சியில் கொஞ்சம் சாகும். மிச்சம் இடம் மாறும். போரிக் பவுடரும் கோதுமை மாவும் சீனியும் சேர்த்து, அரைத்த வெங்காயம் விட்டுப் பிசைந்து, சின்ன உருண்டைகளாக உருட்டுங்கள். தின்ற பூச்சி ஓடாது. தன் இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சில நாளில் சாகும். சுவரின் உச்சியில், பரணில், அடுப்புக்குப் பின்னால், பிள்ளைகள் கைக்கும் கோழிக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். சுவரில் ஒட்டிய பழைய பேப்பரைக் கிழித்து எரியுங்கள். முட்டை அதற்குப் பின்னால்தான் இருக்கும். இரவில் எச்சில் சட்டியும் தண்ணீர் வாளியும் திறந்து கிடக்கக்கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியம், ஒரு கூரைக்குக் கீழே எத்தனை கதவு இருந்தாலும் அத்தனைக்கும் ஒரே நாளில் வைக்க வேண்டும்.

பணிய லயத்துக்கு அப்படித்தான் வைத்தோம். இந்த முறை பன்னிரண்டாம் கதவிலிருந்து ஆரம்பித்தேன். பரமேஸ்வரி உருண்டைகளை இடக்கையால் வாங்கிக்கொண்டாள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் லயத்தில் பூச்சி இல்லாமல் போனது.

6. அவள் சொல்ல வந்தது

பல வருடங்கள் கழித்து, ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் பரமேஸ்வரி வீட்டுக்குப் போனேன். அவள் இன்னும் பால் வெட்டிக்கொண்டுதான் இருந்தாள். வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து மணிக்கட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து ஸ்டூலைப் போட்டாள். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு கதவில் நிறுத்தியது, பூச்சிகள் அவள் வீட்டுக்கு ஓடி வந்தது, பிறகு தெரிந்தும் துரையிடம் பாதியை மறைத்தது.

"தெரியும் ஐயா" என்றாள். "மருந்து அடிச்ச அன்னைக்கு ராவு முழுக்கத் தகரத்துக்குக் கீழ சரசரன்னு ஓடுச்சு. லயத்துக்கே தெரியும். தெரிஞ்சுதான் கேலி பண்ணினாங்க."

"தெரிஞ்சா ஏன் என்கிட்ட வந்து சொல்லல?"

"சொல்ல ஆரம்பிச்சேனே ஐயா. நீங்க கையக் காட்டினீங்க." உள்ளே திரும்பிப் பார்த்தாள். "இப்ப ஒண்ணுகூட இல்ல. தேயிலை ஊத்தவா?"

"ஊத்து" என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன். காலையில் வெட்டி வீங்கிய வலக்கையால் கோப்பையைத் தூக்க முடியாமல் அவள் இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.

ஒரு வீட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற வேலை உங்களுக்கும் வரும். பக்கத்து வீட்டில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று முதலில் நினைத்துப் பாருங்கள். வீட்டுக்காரி பேச ஆரம்பித்தால், அவள் சொல்லி முடிக்கும்வரை உங்கள் கை மடியிலேயே இருக்கட்டும்.