‘தலைக்கு மேலே’ என்றால் எங்கே?

ஒஸ்லோவுக்கு வந்து ஆறு வருடமாகியும் எனக்கு மாடி எண்ணத் தெரியாது. இங்கே தரையோடு இருப்பதே முதல் மாடி. நம் ஊரில் ஒரு மாடி ஏறினால்தான் முதல் மாடி. அதனால் மூன்றாம் மாடியில் கூட்டம் என்றால், நான் ஒரு மாடி கூடுதலாகப் படியேறிப் போய் யாரோ ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிப்பட்ட ஆளுக்கு இந்த நாடு கொடுத்திருக்கும் வேலை, தெளிவாகக் குறிப்பு எழுதுவது. படிப்பது மனிதர்களும் இல்லை. ஏஜென்ட் என்று சொல்கிறார்களே, அந்தச் செயற்கை நுண்ணறிவு. ஒரு வேலையைச் சொன்னால் அதற்கு வேண்டிய கருவிகளை அதுவே எடுத்துச் செய்து முடிக்கும். ஆனால் கருவி எப்படிப்பட்டது என்பதை, நான் எழுதி வைக்கும் விளக்கத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளும். படத்தின் மேல் எழுத்து வரையும் கருவி ஒன்றுக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: “கொடுத்த சொற்களைக் கொடுத்த இடத்தில் வரையும்.” கூட வேலை செய்யும் இங்ரிட் அதைப் படித்துவிட்டு “இன்ட்ரெசாங்” என்றாள். சுவாரசியமாம். பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னேன். ஒன்றும் விளங்காதபோதும் மரியாதைக்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

சுருக்கமாகச் சொல்வது, நான் பிறந்த இலங்கைத் தேயிலைத் தோட்டமான மடுல்சீமையில் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். காலைப் பெரட்டில் ஆட்களைப் பிரித்து அனுப்பும் கங்காணி “மேமலை!” என்று ஒரு சொல்தான் சொல்வார். எந்தப் பாதை, எந்த நிரை, எங்கே தொடங்குவது என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் யாரும் கேட்டதில்லை. என் அம்மாவும் கேட்டதில்லை. அந்தச் சனத்துக்குள் பிறந்துவிட்டு விலாவாரியாக எழுதுவது எனக்குக் கேவலமாகப் பட்டது. இங்குள்ள மாதா கோயிலில், பூசை முடிந்ததும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் என் பேச்சைக் கேட்டு, “தம்பி இந்தியாவோ?” என்றார். “மடுல்சீமைங்க” என்றேன். அது அவர் காதில் மதுரை என்று விழுந்திருக்கிறது; நானும் அதற்கு மேல் விளக்கவில்லை. இன்றும் அவர் என்னை மதுரைப் பக்கத்துப் பிள்ளை என்றுதான் எல்லோருக்கும் அறிமுகப்படுத்துகிறார்.

போன மாதம் அம்மா வேலையிலிருந்து நிற்கப் போவதாகச் செய்தி வந்தது. தோட்டத்துப் பாலர் பள்ளியில் படிப்பிக்கும் என் அக்கா ஸ்டெல்லா போனில் பிடித்துக்கொண்டாள்.

“தொரை மாறிப் போனா மாலை போடுறாங்க. கொழுந்தெடுத்தவளுக்கு யாருடா என்ன செஞ்சாங்க? கடைசி நாளைக்கு கொழுந்து மடுவத்துல ஒரு பேனராச்சும் கட்டணும். அம்மா படம் போட்டு, தலைக்கு மேல பேரு பெருசா இருக்கணும். ஒன் படிப்புக்கு இதையாவது செய்.”

அம்மாவின் பெயர் சம்பளத் துண்டைத் தவிர வேறெங்கும் அச்சில் வந்ததில்லை. அதனால் பெருமையோடு, என் கருவியைக் கொண்டே செய்தேன். படத்தைக் கொடுத்து, ‘தலைக்கு மேலே செபஸ்தியம்மா என்று பெரிதாக எழுது’ என்றேன். ஏஜென்ட் ஒரே நொடியில் “முடிந்தது” என்றது. என் கருவி, என் விளக்கம், இதில் பார்க்க என்ன இருக்கிறது? திறந்துகூடப் பார்க்காமல் பதுளையில் உள்ள அச்சுக் கடைக்கு அனுப்பிவிட்டேன். அக்கா சுருட்டிக் கட்டியிருந்த பேனரை வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறியிருக்கிறாள்.

கடைசி நாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து வீடியோ அழைப்பு வந்தது.

“டேய், என்னடா பண்ணி வச்சிருக்க?”

பேனரில் அம்மாவின் கண்களை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை. அதற்குள் வெள்ளையில் பெயர். பேப்பரில் சந்தேக நபரின் படத்தைப் போடுவார்களே, அச்சு அசல் அதே மாதிரி. கருவி, கொடுத்த புள்ளியிலிருந்து எழுத்தைக் கீழ்நோக்கித் தொங்கவிடும். ஏஜென்ட்டோ எழுத்து அந்தப் புள்ளியின் மேல் நிற்கும் என்று எண்ணி, உச்சந்தலையையே புள்ளியாகக் கொடுத்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லாவிட்டால் எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை விழும் என்பதையும் நான் எழுதவில்லை.

“கடைக்காரன் ஒன்னும் கேக்கலையா?” என்றேன், வெட்கமில்லாமல்.

“மொகத்த மறைக்கத்தான் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சானாம்.”

அம்மா போனுக்குள் எட்டிப் பார்த்தார். “ஏம்ப்பா, நான் எதைத் திருடுனேன்னு போட்டிருக்க?”

பின்னால் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா மட்டும் அழுதுகொண்டிருந்தாள். கழற்றிவிடச் சொன்னேன். அம்மா விடவில்லை. கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்றின் மேல் ஏறி, பேனருக்கு முன்னால் நின்றார். முதலில் பட்டையே மறைந்துபோனது. “கொஞ்சம் குனிங்கக்கா, இன்னும் கொஞ்சம்” என்று பெண்கள் சத்தம் போட, முழங்காலை மடக்கி மெல்ல இறங்கினார். பெயர் சரியாக அவர் தலைக்கு மேலே வந்து நின்றது. “இப்பப் படம் பிடிங்கடி” என்றார்.

மறுநாள் விளக்கத்தை முழுதாக மாற்றி எழுதினேன். அளவு படத்தின் மேல் இடது மூலையிலிருந்து தொடங்கும். எழுத்து புள்ளிக்குக் கீழே விழும். வேண்டாம் என்று சொல்லாவிட்டால் கறுப்புப் பட்டை வரும். வரைந்த பிறகு படத்தைப் பார்த்துச் சரிபார்க்கவும். ஓர் எடுத்துக்காட்டும் வேண்டும் என்றாள் இங்ரிட். செபஸ்தியம்மா என்று போட்டேன். ஏதாவது தேயிலையின் பெயரா என்று கேட்டாள். அரைச் சொல்லில் விடாமல், இந்த முறை அரை மணி நேரம் விளக்கினேன்.

அம்மா இப்போது காலையில் மலைக்குப் போவதில்லை. லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து நிதானமாகத் தேநீர் குடிக்கிறாராம். ஒஸ்லோவில், எங்கோ ஓர் ஏஜென்ட் அந்தக் கருவியை எடுக்கும்போதெல்லாம், முதலில் அவர் பெயரைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது.