கருப்பன் கடித்த வெடி

எங்கள் நாய் கருப்பன் எதைக் கண்டாலும் கவ்விவிடுவான். விருந்தாளி கையிலிருந்த வடையைப் பிடுங்கியபோதுகூட, "போவுதுங்க, வாயில்லாத ஜீவன்" என்று சிரித்தேன்.

மாசியில் எங்கள் மலையில் நானும் என் வீட்டுக்காரரும் புளி உலுக்கப் போனபோது கூட வந்தான். வேலியோரம் கிடந்த எதையோ மோந்தான்.

"வேணாம், வாடா!" என்று கத்தினேன். என் பேச்சைக் கேட்டுப் பழகாதவன் கடித்துவிட்டான். காட்டுப்பன்றிக்கு யாரோ இரைக்குள் மறைத்து வைத்திருந்த நாட்டுவெடி அது. தாடை சிதறிப்போனது.

"கீழ ஆஸ்பத்திரிக்கு எட்துனு போவ ஒரு பஸ்ஸு இல்லியே" என்று அவனை மடியில் கிடத்தி என் வீட்டுக்காரர் அழுதார். வண்டி கிடைப்பதற்குள் உயிர் போய்விட்டது.

இப்போது வளர்க்கும் குட்டியை, தட்டில் சோறு வைத்து, "தின்னு" என்று நான் சொன்ன பிறகே வாய் வைக்கப் பழக்கியிருக்கிறேன். வந்தவர்கள், "பாவம், ஒரு வாய் போடட்டுமா?" என்று கேட்டால், மனசு கேட்காவிட்டாலும், "வேணாங்க" என்று தடுத்துவிடுகிறேன்.