மாதேஸ்வரனின் மரியாதை

மாதேஸ்வரனுக்கு மூன்று பாஷை தெரியும் என்று யாராவது சொன்னால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். மூன்றையும் சேர்த்தால்தான் ஒன்று தேறும் என்பார். எதையாவது எண்ணுவதென்றால் அவருக்குத் தெலுங்கு. அது மனைவி மங்கம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. திட்டுவதற்குத் தமிழ். அது ராயக்கோட்டை தக்காளி மண்டியில் மூட்டை தூக்கிய காலத்தில் ஒட்டிக்கொண்டது. மரியாதை மட்டும் கன்னடம். தளிக்குப் பக்கத்தில் பிறந்து, ரோஜாத் தோட்டங்களில் முதலாளிமார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டி நின்று வளர்ந்தவர். பெரிய மனிதர் என்று மனதில் பட்டுவிட்டால் வாய் தானாகக் கன்னடத்துக்குப் போய்விடும்.

ஓசூரில் எங்கள் குடியிருப்புப் பூங்காவுக்கு அவர்தான் காவலாளி. மூட்டு தேய்ந்து மண்டி வேலை முடியாமல் போனபோது, புண்ணியத்துக்குக் கிடைத்த வேலை. ஒப்பந்தக்காரரின் ஆளாக வந்தவர், ஒரே மாதத்தில் பூங்காவைத் தன் சொந்தத் தோட்டமாக்கிக்கொண்டார். நடைபாதை ஓரத்தில் சாமந்தி வைத்தார். தண்ணீர் வராத நீரூற்றில் துளசி வைத்தார். உடற்பயிற்சிக் கருவிகளில் எது கிறீச்சிடுகிறது என்று கேட்டு, நல்லெண்ணெய் போட்டார். அதற்கப்புறம் காலையில் அங்கே போனாலே எங்களுக்கெல்லாம் தோசை ஞாபகம் வந்துவிடும். இரவு ஷிஃப்ட் முடிந்து பெஞ்சில் தூங்கும் பையன்களை எழுப்பமாட்டார். வெயில் முகத்தில் விழுந்தால் மட்டும் அவர்களுடைய கம்பெனித் தொப்பியை எடுத்து முகத்தின்மேல் வைத்துவிட்டுப் போவார்.

பூங்காவில் ஒரு நாயும் உண்டு. ஜி.எம். என்று பெயர். காலையில் ஒரு சுற்று வந்து எல்லோரையும் ஒருமாதிரி பார்த்துவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் நிழலுக்குப் போய்விடும் என்பதால் தொழிற்சாலைப் பையன்கள் தங்கள் ஜெனரல் மேனேஜரை நினைத்து வைத்த பெயர். அது கடித்ததாகச் சரித்திரமே இல்லை. ஆனால் வெஸ்லினுக்கு அந்தச் சரித்திரம் தெரியாது.

வெஸ்லின் நாகர்கோவில்காரர். ஒரு பெரிய தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நல்ல உயரம், நல்ல உடம்பு. தீப்பிடித்தால் எப்படிப் பதறாமல் வெளியே வரவேண்டும் என்று நூற்றுக்கணக்கான பேருக்குப் பாடம் நடத்துபவர். அன்று காலை காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்தவர் திரும்பிப் பார்த்தபோது, பக்கத்திலேயே ஜி.எம். வந்துகொண்டிருந்தது. பாதுகாப்பு அதிகாரி எடுத்தார் ஓட்டம். பிள்ளைகள் விளையாடும் சறுக்குமரத்தில், சறுக்கும் பக்கமாகவே தவழ்ந்து ஏறி உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்தச் சறுக்குமரத்தின் ஒரு கால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. மாதேஸ்வரன் அதற்குக் கயிறு கட்டி வைத்திருந்தார். அதில் ஓர் ஆள் தவழ்ந்து ஏறுவதைப் பார்த்தபோதே அவருக்கு உயிர் போய்விட்டது. சாமந்திக்கு ஊற்றிக்கொண்டிருந்த குடத்தைப் போட்டுவிட்டு, மூட்டுவலியை மறந்து ஓடினார். ஷூவும் கைக்கடிகாரமுமாக இருப்பவர் பெரிய மனிதர்தான் என்று மனதில் பட, ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

"ஹத்தபேடி சார்! ஹெதரபேடி! ஹத்தபேடி, ஹத்தபேடி!"

நாங்கள் சிரித்தோம். அவ்வளவு பெரிய ஆள் குழந்தைகள் சறுக்குமரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பெஞ்சில் படுத்திருந்த பையன்களும் தொப்பியை விலக்கிவிட்டுச் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேர் வெஸ்லினின் தொழிற்சாலைக்காரர்கள். வெஸ்லின் முகம் செங்கல்லாகிவிட்டது. நாய் போனதும் இறங்கினார். மாதேஸ்வரனை ஒரு முறை முறைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார்.

சாயங்காலமே புகார் போய்விட்டது. காவலாளி பொது இடத்தில், பலபேர் முன்னிலையில், கேவலமான ஒரு வார்த்தையால் தன்னைத் திரும்பத் திரும்ப அழைத்தார் என்று வெஸ்லின் ஒப்பந்தக்காரருக்கு எழுதியிருந்தார். என்ன வார்த்தை என்று மட்டும் எழுதவில்லை. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் இளம்பரிதி மறுநாள் வந்து மாதேஸ்வரனை வாசலிலேயே நிறுத்தி விசாரித்தார். இளம்பரிதி விழுப்புரம் பக்கத்து ஆள்; அவரும் ஊருக்குப் புதிது.

"நா என்னாண்ணா சொன்னேன்?" மாதேஸ்வரன் என்னிடம் வந்து புலம்பினார். "ஏறாதீங்க சார், பயப்படாதீங்கன்னுதான சொன்னேன்? இதுல கெட்ட வார்த்த எங்க வந்துச்சி?"

"நடுவுல வேற ஏதாச்சும் வுட்டியா மாதேசு? மண்டியில வுடுவியே, அது மாதிரி?"

"சாமி மேல சத்தியமா இல்லண்ணா. அவரு எவ்ளோ பெரிய மனுசன். அவர போய் அப்புடிச் சொல்லுவனா?"

எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. நானும் அங்கேதானே இருந்தேன். அவர் சொன்னது முழுவதும் என் காதில் விழுந்தது. ஓசூரில் பிறந்து வளர்ந்த காது, கன்னடத்தைக் கன்னடமாகத்தான் கேட்கும். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த வார்த்தை எதுவாக இருக்கும் என்று சுற்றுக்கு ஒன்றாகச் சொல்லிப் பார்த்தோம். அந்த வாரம் எங்கள் பூங்காவில் புழங்கிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஓய்வுபெற்ற ஒரு பேங்க் மேனேஜருக்கு அவ்வளவு தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

இளம்பரிதி ஒரு தீர்ப்பு சொன்னார். இனிமேல் காவலாளி வேலை நேரத்தில் தமிழில் மட்டும்தான் பேசவேண்டும். அப்போதுதான் என்ன பேசினார் என்று எல்லோருக்கும் புரியும். இன்னொரு புகார் வந்தால் வேலை போய்விடும்.

நல்ல தீர்ப்புதான். ஆனால் மாதேஸ்வரனிடம் இருந்த தமிழ் தக்காளி மண்டித் தமிழ். அதில் மரியாதை சேர்ந்து வராது. தனியாக எங்கிருந்தாவது கொண்டுவந்து ஒட்டவேண்டும். அவர் ஒட்டித்தான் பார்த்தார்.

"யோவ் சார், புல்லுல எதுக்குய்யா நடக்குற? அதான் ரோடு போட்டு வச்சிர்க்குதில்ல?" என்று பேங்க் மேனேஜரைக் கேட்டார். ஊஞ்சலில் உட்கார்ந்து போன் பேசிய பள்ளித் தலைமையாசிரியையிடம், "எந்திரிங்க டீச்சர், புள்ளைங்க நிக்குதில்ல? இதென்ன உங்க அப்பன் வூட்டுத் தூரியா?" என்றார். அதற்கப்புறம் மன்னிப்பு கேட்கிறேன் என்று போய், "நீ ஒண்ணும் நெனச்சிக்காத டீச்சர், நா மண்டியில இப்புடித்தான்" என்று சொல்லிவிட்டு வந்தார். எல்லாம் மனதார மரியாதையோடு சொன்னது. கையைக் கட்டிக்கொண்டுதான் சொன்னார். அந்த வாரக் கடைசிக்குள், வெஸ்லினுடையதையும் சேர்த்து, அவர்மேல் மூன்று புகார்கள் சேர்ந்துவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை காலை இளம்பரிதி வந்தார். கையில் ஒரு பை. அதற்குள் வேறொருவருக்கு அளவெடுத்துத் தைத்த சீருடை இருந்தது. வந்ததும் பூங்காச் சாவிக்கொத்தை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டார். டீச்சரும் மேனேஜரும் நல்ல மாதிரி, புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மீதி இருந்தது வெஸ்லின். அவரும் வந்திருந்தார். கூடவே மனைவி கெசியா. அவர் தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். சறுக்குமரச் சம்பவத்தன்று அவருக்கு டூட்டி. என்ன வார்த்தை என்று வீட்டில் எவ்வளவோ கேட்டும் வெஸ்லின் சொல்லவில்லையாம். ஆண்பிள்ளை பெண்டாட்டியிடம் சொல்லக்கூடிய வார்த்தை இல்லையாம் அது.

"சார் மன்னிச்சேன்னு சொன்னா சாவி உங்க கையில. இல்லன்னா இன்னியோட சரி. மன்னிப்பு கேளுங்க" என்றார் இளம்பரிதி.

மாதேஸ்வரன் வெஸ்லின் முன்னால் போய் நின்றார். கை கட்டினார். தொண்டையைச் செருமினார். அவருக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் நாக்கு நுனிவரை வந்து, வெளியே விட்டால் ஆபத்து என்று திரும்பிப் போவது எங்களுக்கே தெரிந்தது. மண்டிக்குத் திரும்பினால் ஒரு கூடையைக்கூட அவரால் தூக்க முடியாது. சாமந்திக்கு வேறு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்ற கவலையும் அவருக்குத் தனியாக இருந்தது.

"உங்க பாஷையிலயே சொல்லுங்க பரவால்ல. சீக்கிரம்" என்றார் இளம்பரிதி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

அந்த அனுமதிக்குத்தான் காத்திருந்ததுபோல் மாதேஸ்வரன் கன்னடத்தைத் திறந்துவிட்டார். மடை திறந்த மாதிரி வந்தது. கண்ணில் தண்ணீர், குரலில் அவ்வளவு பணிவு.

"தப்பு திள்கோபேடி சார்! கோப மாட்கோபேடி! பேஜார் மாட்கோபேடி! கெலஸதிந்த தெகீபேடி சார், தெகீபேடி!"

தவறாக நினைக்காதீர்கள், கோபப்படாதீர்கள், வருத்தப்படாதீர்கள், வேலையிலிருந்து எடுத்துவிடாதீர்கள் என்று ஒரு மனிதர் இதற்குமேல் எப்படிக் கெஞ்சுவது? டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் வெஸ்லின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்துகொண்டே போனார். கடைசி வாக்கியத்தில் குதித்துவிட்டார்.

"கேட்டேளா? எல்லாரும் கேட்டேளா? மன்னிப்பு கேக்க வந்த எடத்துலயும் என்னைய பேடி பேடின்னு விளிக்காரு! ஒருக்க இல்ல, நாலு அஞ்சு மட்டம்! நாய்க்குப் பயந்தா அது எனக்க காரியம். அதுக்காக எல்லாருக்க முன்னாடியும் பேடின்னு விளிக்கதா?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவர்கள் ஊரில் பேடி என்றால் பயந்தாங்கொள்ளி. எங்கள் வாயில் தினமும் பத்துத் தடவை வந்துபோகிற வார்த்தையை இத்தனை பேர் கூடி ஒரு வாரமாகத் தேடியிருக்கிறோம்.

முதலில் சிரித்தது கெசியாதான். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அவர் பெங்களூரில் நர்ஸிங் படித்தவர். நோயாளிகளிடம் நாள் முழுக்க அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகியவர்.

"இஞ்ச பாருங்க" என்றார் புருஷனின் கையைப் பிடித்து. "பேடான்னா வேண்டாம். சின்னவங்க கிட்ட, நம்ம ஆளுக கிட்ட பேடான்னு சொல்லுவாங்க. பெரிய மனுசன் கிட்ட அப்படிச் சொல்ல மாட்டாங்க. பேடின்னுதான் சொல்லுவாங்க. அது 'வேண்டாங்க'ன்னு சொல்லுற மாதிரி. ஹத்தபேடின்னா ஏறாதீங்க. அவரு உங்களுக்கு மரியாத தந்திருக்காரு. நீங்க புகார் எழுதியிருக்கீங்க!"

வெஸ்லின் எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் தலையாட்டினோம். பெஞ்சுப் பையன்களும் ஆட்டினார்கள். அந்தப் பெரிய உடம்பு அப்படியே காற்றுப் போனதுபோல் நீரூற்றின் திட்டில் உட்கார்ந்தது. பிறகு எழுந்துபோய் இளம்பரிதியின் கையிலிருந்த சாவிக்கொத்தைக் கேட்காமலேயே எடுத்தார். இளம்பரிதி பையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, தப்பு எனக்க மேலதான்" என்று இரண்டு கையாலும் சாவியை நீட்டினார் வெஸ்லின்.

மாதேஸ்வரன் சாவியை வாங்கினார். வாங்கிய இடத்திலேயே தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார். ஒரு வாரமாக அடக்கி வைத்தது. தோளைக் குலுக்கிக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல வாய்விட்டு அழுதார். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. வெஸ்லின் தவித்துப்போய் மனைவியின் காதில் குனிந்து எதையோ கேட்டார். கெசியா மெல்லச் சொன்னார். வெஸ்லின் அதை ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, மாதேஸ்வரனின் தோளில் கை வைத்தார்.

"அளபேடி அண்ணாச்சி" என்றார். "அளபேடி."

அழாதீர்கள் என்று அர்த்தம். மாதேஸ்வரன் சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ரோஜாத் தோட்டத்து முதலாளி சொன்னதெல்லாம் பேடா. வாத்தியார் சொன்னதும் பேடா, ஒப்பந்தக்காரர் சொன்னதும் பேடா. இத்தனை வயதில் அவரைப் பார்த்துப் பேடி என்று சொன்ன முதல் ஆள் வெஸ்லின்தான்.